அம்மாவை இருத்தி வைத்த ஞாயிற்றுக்கிழமைகள்

தம்பி,

உன் அம்மாவின் நாரிக்குக் கீழே, முதுகு முடியும் இடத்தில் இருக்கும் புண்ணை உண்டாக்கியவள் செல்வி அல்ல. நீயும் நானும்தான். அந்தப் பழியை அவளின் தலையில் போட்டு, நாலு நாடுகளிலிருந்து சொந்தக்காரர் போனில் பார்த்துக்கொண்டிருக்க, அவளை வீட்டைவிட்டு அனுப்பினோம். அனுப்பச் சொன்னது நீ. கதவைத் திறந்துவிட்டது நான். நீளமான எதையும் முதல் பந்தியோடு நிறுத்திவிடுகிறவன் நீ. அதனால் இதை முதல் பந்தியிலேயே எழுதிவிட்டேன். மிச்சத்தையும் படி.

போன செவ்வாய் நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தரம் கேட்டேன். உன் மகள் அபியின் கலியாணத்தை லண்டனில் வைக்காமல் வெள்ளவத்தையில் வைப்பதே அப்பம்மாவுக்காகத்தான் என்றாய். மண்டபம் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிடத் தூரம், லிஃப்ட் இருக்கிறது, வீல் செயார் மண்டபக்காரரே தருவார்கள், அம்மாவுக்கும் ஒரு பட்டு எடுத்தாயிற்று என்றாய். "ரெண்டே ரெண்டு மணித்தியாலம் அப்பா, முன்னுக்கு இருத்தி வைச்சால் காணும்" என்று முடித்திருந்தாய். முடியாது. இதுதான் என் பதில். ஏன் முடியாது என்று சொல்வதற்கு, ஒன்பது மாதமாக நான் உன்னிடம் மறைத்து வைத்திருப்பதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கொச்சிக்கடையில் துறைமுகச் சரக்கு இறக்கும் ஸ்டோரில் முப்பத்தாறு வருடம் நின்றேன். ஆங்கிலத்தைப் பெட்டிகளின் மேல் அச்சடித்திருந்ததைப் பார்த்துத்தான் படித்தேன். அங்கே நான் கற்றுக்கொண்ட முதல் விசயம், அடுக்கில் அடி மூட்டைதான் முதலில் கெடும் என்பது. மேலே பாரம், கீழே ஈரம், நடுவில் காற்றுப் போக வழியில்லை. அதனால் அடியில் பலகை போடுவோம். குறித்த நாளில் அடுக்கைப் பிரித்து, கீழே கிடந்ததை மேலே எடுப்போம். இதைச் செய்யாமல் விட்டவர்களை நான் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன். பருப்பு மூட்டைக்குத் தெரிந்து செய்ததை ஐம்பத்திரண்டு வருடம் என்னோடு வாழ்ந்தவளுக்குச் செய்ய எனக்குத் தோன்றவில்லை. இதை எனக்கு யாரும் சுட்டிக்காட்டவில்லை. நானே கண்டுபிடித்தேன், காலம் கடந்து.

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த கிழமையே நீ அந்தக் காற்று மெத்தையை அனுப்பினாய். நல்ல சாமான்தான், அதில் நான் குறை சொல்லமாட்டேன். குறுக்கே குழாய் குழாயாகக் காற்றுப் பைகள், கட்டிலின் கால்மாட்டில் தொங்கவிட ஒரு சின்னப் பம்ப். பத்து நிமிடத்துக்கு ஒரு வரிசை ஊதும், அடுத்த வரிசை தளரும். உடம்பின் ஒரே இடத்தில் எந்நேரமும் பாரம் நிற்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பம்பில் ஒரு திருகு இருக்கிறது. படுப்பவரின் நிறைக்கு ஏற்றபடி அதை வைக்கவேண்டும். அம்மா அப்போது நாற்பத்தாறு கிலோ. நான் அதைக் கடைசி வரைக்கும் திருகி வைத்தேன். லொறி டயருக்குப் போல, இறுக்கமாக இருந்தால்தான் தாங்கும் என்பது என் எண்ணம். அதோடு வந்த சின்னப் புத்தகத்தை, கட்டிலின் ஆட்டத்தை நிறுத்த ஒரு காலுக்கு அடியில் மடித்து வைத்திருந்தேன். மெத்தையின் மேலே ரப்பர் விரிப்பு, அதன்மேல் தடித்த போர்வை ஒன்று, அதன்மேல் துவாய். காற்றுப் பை ஊதினால் என்ன, தளர்ந்தால் என்ன, அவளின் உடம்புக்கு அது தெரியவே தெரியாது.

ஆனாலும் அந்தத் தவறுகளை மட்டும் செய்திருந்தால் புண் அவ்வளவு ஆழம் போயிருக்காது. செல்வி இருந்தாள். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, ஜிந்துப்பிட்டியில் அக்காவோடு இருந்து, இங்கே வந்து நின்று அம்மாவைப் பார்த்தாள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அம்மாவை இடது, நேர், வலது என்று திருப்புவாள். பம்பஸ் நனைந்தால் உடனே மாற்றுவாள். நான் சொல்லித்தான் செய்தாள் என்று நினைக்காதே. அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆறு நாளும் அவள் சேர்த்து வைத்ததை ஏழாம் நாள் நாங்கள் அழித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். உங்களுக்குக் காலை, எங்களுக்குப் பின்னேரம் மூன்று மணி. நீ முதலில் எடுப்பாய். பிறகு உன் சித்தி, பிறகு மெல்பேர்ணில் இருக்கும் மச்சான்மார், பிறகு ரொறன்ரோ. அம்மா படுத்தபடி இருந்தால் உனக்குப் பிடிக்காது. "நோயாளி மாதிரி இருக்கு அப்பா, எழும்பி இருந்தால் முகத்தில வெளிச்சம் விழும்" என்றாய். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சொந்தக்காரர் வந்து பார்க்கும்போது ஆளைப் படுக்கவைத்தா காட்டுவது? கட்டிலின் கைபிடியைச் சுற்றித் தலைமாட்டை நேராக உயர்த்தி, அம்மாவுக்குச் சேலை சுற்றி, பவுடர் போட்டு, பொட்டு வைத்து, இரண்டு பக்கமும் தலையணை முட்டுக்கொடுத்து இருத்தி வைப்பேன். மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும். சில நாளில் ஆறரை.

பம்பின் இரைச்சல் உனக்குக் கேட்டது. "அதென்னப்பா ர்ர் எண்டு ஒரு சத்தம், ஒண்டும் விளங்கேல்ல, நிப்பாட்டுங்கோ." நான் சுவரில் சுவிட்சை நிறுத்தினேன். அடுத்த ஞாயிறு நீ கேட்குமுன்பே நிறுத்தினேன். காற்று மெல்ல மெல்ல இறங்கிவிடும். மூன்று மணித்தியாலமும் அவளின் முழுப் பாரமும் நாரிக்குக் கீழே ஒரு உள்ளங்கை அளவு இடத்தில், வெறும் கட்டில் பலகையில் நின்றது. அதுமட்டுமில்லை. அப்படி இருத்தினால் ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வழுக்கும். தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே எலும்பு மட்டும் கீழே இழுபடும். வெளியே தோல் சிவக்குமுன்பே உள்ளே சதை செத்துவிடும். வழுக்கினால் நான் அக்குளில் கை கொடுத்து மேலே இழுத்து இருத்துவேன். அப்படி இழுப்பதும் அதே கெடுதலைத்தான் செய்யும்.

செல்வி இரண்டு தரம் சொன்னாள். முதல் தரம், "ஐயா, அம்மா வழுக்கி வழுக்கிக் கீழ வாராங்க, படுக்க வெச்சே காட்டலாம்ங்க" என்றாள். நீ சமையலைப் பார் பிள்ளை என்றேன். இரண்டாம் தரம், நாரிக்குக் கீழே சிவந்திருக்கிறது, விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த நேரமே அந்த இடத்தில் பாரம் படாமல் விட்டிருந்தால் அது அப்படியே ஆறியிருக்கும். நான் நல்லெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். தேய்த்தால் இரத்தம் ஓடும் என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. மருதானையில் போய் நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையம் ஒன்றும் வாங்கிவந்து அதன்மேல் இருத்தினேன். அந்த வளையம் சுற்றிவர நெரித்து, நடுவில் இரத்தம் போகாமல் செய்துவிடும். அதையும் கூடாத சாமான் என்று பிறகுதான் அறிந்தேன்.

இனி எழுதப்போவதை நீ இருந்து படி. அந்த மாதங்களில் அம்மா போனைக் கண்டதும் முகம் சுளித்து அழத் தொடங்கினாள். பேச்சில்லாதவள். இடக்கையால் போர்வையைப் பிடித்துப் பிசைவாள், கண்ணால் தண்ணீர் ஓடும். உன் சித்தி, "பாருங்கோவன், எங்களைக் கண்டதும் அக்காவுக்கு அழுகை வந்திட்டுது" என்று தானும் அழுதாள். நீ அழுதாய். அவளுக்கு எல்லாம் விளங்குது அப்பா, பாசம் எங்கேயும் போகவில்லை என்றாய். நானும் பெருமையோடு போனை அவளின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனேன். அது பாசமல்ல, தம்பி. நோவு. மூன்று மணித்தியாலமாகச் சதை நசிபடும் நோவு. அவள் எங்களிடம் படுக்கவைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க நாங்கள் இன்னும் கொஞ்ச நேரம் இருத்தினோம், அழகாக அழுகிறாள் என்று.

பிறகு மணம் வந்தது. விரிப்பை எடுத்துப் பார்த்தால் நடுவில் கறுத்து, ஓரம் திறந்து, சீழ். அடுத்த ஞாயிறு நான் போனைத் திருப்பி அந்த இடத்தை எல்லாருக்கும் காட்டினேன். அதையும் செய்தேன், அவளின் அனுமதி இல்லாமல். "திருப்பாமல் போட்டு வைச்சிருக்கிறாள், அவளை உடனே அனுப்புங்கோ அப்பா" என்று நீ சொன்னபோது செல்வி குசினிக் கதவடியில் நின்றாள். அவள் சத்தம் போடவில்லை.

"நாயித்துக்கெழமையில மட்டும் என்னயத் திருப்ப விடலங்க" என்றாள்.

வாய் காட்டுறாள் என்று சித்தி சொன்னது எல்லாருக்கும் கேட்டது. போகுமுன் பையைப் பார்த்து அனுப்புங்கோ என்றதும் சித்திதான். நான் பார்த்தேன். இரண்டு பாவாடை சட்டை, ஒரு சீப்பு, பழைய சேலைத் துணியில் அவளே தைத்த இரண்டு சின்னத் தலையணை. அவை அம்மாவின் கெண்டைக்காலுக்கு அடியில் வைப்பவை. குதிகால் விரிப்பில் முட்டாமல் அந்தரத்தில் நிற்க. அதை வைத்துவிட்டுப் போ, இங்கத்தைத் துணி என்றேன். எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். தான் எடுத்துப்போனால் அம்மாவுக்கு இல்லாமல் போகும் என்று தெரிந்திருந்தும் அவள் ஏன் அதைப் பையில் வைத்தாள் என்று யோசித்திருக்கிறேன். எங்களில் ஒருத்தருக்கும் அதன் பயன் தெரியாது, குப்பையில் எறிவோம் என்று நினைத்திருப்பாள். சரியாகத்தான் நினைத்திருக்கிறாள்.

எங்கள் லேனின் முடிவில் இருக்கும் சிங்கள அம்மாவை உனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வாட்டில் தாதி மிஸ்ஸாக இருந்து ஓய்வு பெற்றவ. அவவைக் கூட்டிவந்தேன். அவ முதலில் புண்ணைப் பார்க்கவில்லை. மெத்தைக்கு அடியில், அம்மாவின் இடுப்புக்கு நேரே, உள்ளங்கையை மேலே பார்க்க நுழைத்தா. ஆளின் எலும்பு கையில் தட்டக்கூடாது, குறைந்தது இரண்டு விரல் தடிப்புக்குக் காற்று இருக்கவேண்டும், இது கருங்கல் மாதிரி இருக்கிறது என்றா. திருகை ஐம்பது கிலோவுக்குக் குறைத்தா. போர்வை, ரப்பர் எல்லாவற்றையும் இழுத்து எறிந்துவிட்டு ஒற்றைப் பருத்தி விரிப்பு மட்டும் போட்டா. புண்ணைக் கழுவிப் பார்த்தா. உள்ளே என் சின்னவிரல் பாதி போகும். பிறகு போர்வையை விலக்கிக் காலைப் பார்த்து, குனிந்து இரண்டு குதிகாலையும் கையால் தடவினா.

"மாத்தயா, படுக்கையில் கிடக்கிற ஆளுக்கு நாரிக்கு அடுத்தபடி குதிகால்தான் போகும். இது குழந்தைக் கால் மாதிரி இருக்கு. யார் பார்த்தது?" என்று சிங்களத்தில் கேட்டா.

வேலைக்கு வைத்த பிள்ளை என்றேன். அந்தப் பிள்ளை எங்கே என்றா. காலை அப்படிப் பார்த்தவள் முதுகை விட்டிருக்கமாட்டாள், முதுகை யார் கெடுத்தது என்று அடுத்ததாகக் கேட்டா.

அன்றுதான் கட்டில் காலடியிலிருந்து புத்தகத்தை இழுத்து எடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். இரண்டு நாள் எடுத்தது. தலைமாட்டை முப்பது பாகைக்கு மேல் நீண்ட நேரம் உயர்த்தக்கூடாது என்று மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது. ஆள் படுத்திருக்கும்போது பம்பை நிறுத்தக்கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. மெத்தை இருந்தாலும் ஆளைத் திருப்பித்தான் ஆகவேண்டும் என்றும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் செத்த தோலை வெட்டி எடுத்தார்கள். அம்மா மயக்கமில்லாமல்தான் கிடந்தாள். அந்தச் சத்தத்தை நான் எழுதமாட்டேன்.

செல்வியை அனுப்பி மூன்றாம் வாரம் ஜிந்துப்பிட்டிக்குப் போனேன். கோயிலுக்குப் பின்னால், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் சுவரோடு ஒதுங்கவேண்டிய சந்து. செல்வியின் அக்கா வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. என்னை நிமிர்ந்து பார்த்து, "பையப் பாத்த ஐயாவா? வாங்க, வீட்டையும் ஒருதரம் பாத்துட்டுப் போங்க" என்றா. பையைப் பார்த்ததே பிழை என்று சொல்லி நின்றேன். செல்வி உள்ளே இருந்து வந்து கதிரை போட்டாள். குதிகால் எப்படி இருக்கு என்றுதான் முதலில் கேட்டாள். புண்ணைக் கேட்கவில்லை.

தவறு எங்களுடையது, வா என்றேன். வருவேன், மூன்று விசயம் என்றாள். சாப்பாட்டு நேரம் தவிரத் தலைமாட்டை யாரும் உயர்த்தக்கூடாது. பம்பின் சுவிட்சில் அவளைத் தவிர யாரும் கை வைக்கக்கூடாது. மூன்றாவதை இப்படிச் சொன்னாள்.

"தம்பி எங்கிட்டச் சொல்லணுங்க. நான் செய்யலன்னு. அன்னிக்கு எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்கல்ல, அதே மாதிரி எல்லாரும் பாக்கச் சொல்லணும்."

ஓம் என்றேன். அவள் வந்துவிட்டாள். உன்னிடம் நான் என்ன சொன்னேன்? அவள் கெஞ்சிக்கொண்டு திரும்பி வந்தாள், வேறு ஆள் கிடைக்கவில்லை, பாவம் பார்த்து எடுத்தேன் என்றேன். நல்லது செய்தீர்கள் அப்பா, கண் வைத்திருங்கோ என்றாய். டொக்டர் சொல்லிவிட்டார் என்று ஞாயிற்றுக் கூட்டத்தை நானே நிறுத்தினேன், உண்மையைச் சொல்லி நிறுத்தவில்லை. நீ என்னைக் குறைவாக நினைப்பாய் என்று பயந்தேன். எழுபத்தொன்பது வயதில் என் மகனிடம் எனக்கிருந்த பயம் இது. செல்வி முதல் இரண்டு மாதமும் தம்பி பேசினாரா என்று கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

இந்த ஒன்பது மாதமும் என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள்ளவேண்டும். ஒவ்வொரு நாளும் உப்புத் தண்ணீர் மருந்தால் கழுவி, மிஸ் காட்டியபடி மருந்துத் துணி வைத்து மூடுகிறோம். பவுடர் இல்லை, மஞ்சள் இல்லை, ஸ்பிரிட் இல்லை. இரண்டு முட்டையும் மீனும் மசித்துக் கொடுக்கிறோம், சதை வளர அது வேண்டும். கரண்ட் போனால் செல்வி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நின்று அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா அவளை அசைக்கிறோம். சின்னவிரல் பாதி போன இடம் இப்போது ஒரு புளியங்கொட்டை அளவுக்கு மூடியிருக்கிறது. மேலே வந்திருப்பது வெங்காயச் சருகு போன்ற தோல். ஆறிய பிறகும் அந்த இடம் பழைய பலத்துக்கு வராது என்று மிஸ் சொல்கிறா. உன் இரண்டு மணித்தியாலம் அதைக் கிழிக்கும். இன்னொரு தரம் வெட்டினால் அவள் தாங்கமாட்டாள். படம் எடுத்து முடிய நீங்கள் பிளேன் ஏறுவீர்கள். கிழிந்ததோடு கிடப்பவள் அவள்.

நீ கெட்டவன் என்று நான் எழுதவில்லை. மெத்தையை அனுப்பியவன் நீ. ஆனால் உனக்கு அம்மா ஒரு முகமாகத்தான் தெரிந்தாள். எனக்கும் அப்படித்தான். முதுகைப் பார்த்தவள் செல்வி ஒருத்திதான்.

இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். இதில் பேரம் இல்லை. அம்மா மண்டபத்துக்கு வரமாட்டாள். வீல் செயாரை வேண்டாமென்று நீயே மண்டபக்காரரிடம் சொல்லவேண்டும். தாலி கட்டி முடிந்ததும் அபியும் மாப்பிள்ளையும் மாலையோடு இங்கே வரவேண்டும், இருவர் மட்டும். அம்மா சரிந்து படுத்திருக்கும் பக்கத்தில் தரையில் இருந்தால் அவளின் முகத்துக்கு நேரே வருவார்கள். இடக்கையால் அவள் தலையைத் தொடுவாள். படம் எடுப்பவன் வாசலுக்கு வெளியே நிற்கவேண்டும். பட்டுச் சேலையைக் கொண்டுவராதே, சரிகை தோலை உரசும். பழைய பருத்திச் சேலைகள் இருந்தால் உன் மனைவி கொண்டுவரட்டும்.

இந்தக் கடிதத்தைச் சித்திக்கும் மெல்பேர்ணுக்கும் ரொறன்ரோவுக்கும் நீ அனுப்பவேண்டும். பையைப் பார்க்கச் சொன்னதற்குச் சித்தி தன் வாயால் பதில் சொல்லவேண்டும். கலியாணத்துக்கு முந்தின ஞாயிறு மூன்று மணிக்கு எல்லாரும் போனுக்கு வரவேண்டும். அம்மாவைக் காட்டமாட்டேன். செல்வியைக் காட்டுவேன். அவளிடம் முதலில் நான் சொல்வேன், பிறகு நீ சொல்லவேண்டும். அவள் செய்யவில்லை என்றும், நாங்கள் செய்தோம் என்றும், அந்தச் சொற்களிலேயே. அவள் மன்னிப்பதும் விடுவதும் அவள் பாடு. கலியாண வீட்டில் அவள் விரும்பினால் அவளும் அக்காவும் முன்வரிசையில் இருக்கவேண்டும், அம்மாவுக்கென்று நீ ஒதுக்கிய இடத்தில். அந்த நேரம் அம்மாவோடு நான் நிற்பேன்.

நீ வந்திறங்கியதும் மண்டபம் பார்க்கப் போகாமல் நேரே இங்கே வரவேண்டும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். மருந்துத் துணியை மாற்றும்போது நீ பக்கத்தில் நின்று அந்த இடத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும். முடிந்ததும் அம்மாவை இடமிருந்து வலம் திருப்பும் நேரம் வரும். அதை நீதான் செய்யவேண்டும். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில், இழுக்காமல், உருட்டித் திருப்புவது. முதுகுக்குத் தலையணை கொடுத்து, மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை விட்டுப் பார். எங்கே பிடிப்பது, எவ்வளவு சரிப்பது என்று செல்வி சொல்லுவாள். அவள் சொல்லுகிறபடி நீ செய்யவேண்டும்.

அப்பா